பார்டரா, பவுண்டரியா?

தமிழ்நாட்டுப் புளியரையிலிருந்து கேரளத்து ஆரியங்காவுக்குப் பேருந்தில் போகிறவர் பார்டரைத் தாண்டியதாகச் சொல்வாரே தவிர, பவுண்டரியைத் தாண்டியதாகச் சொல்லமாட்டார்; ஆங்கிலத்திலும் அதுவே இயல்பு. பார்டர் என்பது எல்லைக் கோட்டை மட்டுமன்றி, சோதனைச் சாவடியும் வரிசையில் நிற்கும் லாரிகளும் அடங்கிய ஓரப் பகுதியையும் குறிக்கும். சேலைக் கரைக்கு அச்சொல் பொருந்துவதும் அந்த அகலத்தால்தான். பவுண்டரியோ உரிமை எதுவரை என்று காட்டும் வரம்பு: தென்னந்தோப்பின் அளவுக்கல், கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றிய கயிறு, உறவில் ஒருவர் மீறக்கூடாத அளவு.

மாநில எல்லைக்கு இரண்டும் வழங்கும். செங்கோட்டைப் பகுதி 1956-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது போன்ற மாற்றங்களைப் பேசும் அரசமைப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு பவுண்டரி என்றே சொல்கிறது. அன்றாடப் பேச்சில் அதைச் சொன்னால், சர்வேயர் வந்துவிட்டாரோ என்று தோன்றும்.