எஞ்சின் ரூமுக்கு எந்தப் பெயிண்ட்: ஸ்ப்ரே கேனா, பியூவா, பவுடர் கோட்டிங்கா?

பழைய அம்பாசடரின் பானட்டைத் திறந்தால் கண்ணில் படுவது எல்லாமே இரும்புதான். வால்வ் கவர் (எஞ்சினின் மேல் மூடி), ஏர் ஃபில்டர் டப்பா, பேட்டரி தட்டு, டைனமோ பிராக்கெட் என்று வரிசையாக நிற்கும். இன்றைய கார்களைப் போல மேலே ஒரு பிளாஸ்டிக் மூடியைப் போட்டு மறைக்கவும் வழியில்லை. எஞ்சின் வேலைக்காகப் பாதி சாமான்களைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில், அப்படியே பெயிண்டும் அடித்து மாட்டிவிடலாம் என்ற ஆசை வருவது இயற்கை. என்னுடைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு அப்படித்தான் இந்த வேலையில் இறங்கினேன். வீட்டிலேயே செய்வதானால் ஹீட் ரெசிஸ்டன்ட் ஸ்ப்ரே கேன், இல்லையென்றால் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பியூ, அதாவது பாலியூரிதேன் பெயிண்ட். வெளியே கொடுப்பதானால் பவுடர் கோட்டிங். சாதாரண எனாமலை பிரஷ்ஷால் அடிப்பது நான்காவது வழி. அது கேட்டுக்கும் கிரில்லுக்கும் சரி, இங்கே வேண்டாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு பியூவுக்கு.

கடையில் போய் எஞ்சினுக்குப் பெயிண்ட் வேண்டும் என்றால், உடனே 600 டிகிரி தாங்கும் என்று எழுதிய கேனை எடுத்து நீட்டுவார்கள். எஞ்சின் என்றால் சூடு, சூடு என்றால் அந்தக் கேன். ஆனால் எஞ்சின் ரூமில் அந்த அளவு சூடு எங்கே இருக்கிறது? கூலன்ட் 90 டிகிரியைச் சுற்றித்தான் ஓடுகிறது. வால்வ் கவர் அதைவிடக் கொஞ்சம் கூடலாம். பேட்டரி தட்டும் ஃபில்டர் டப்பாவும் அந்த அளவுக்கும் போகாது. எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஒன்றுதான் உண்மையிலேயே கொதிக்கிற இடம். மற்ற எல்லாப் பாகங்களிலும் பெயிண்டைக் கெடுப்பது சூடு இல்லை, மேலே சிந்துகிற திரவம்தான். பெட்ரோல், பிரேக் ஆயில், பேட்டரி ஆசிட், எஞ்சினைக் கழுவ ஊற்றும் மண்ணெண்ணெய்.

இந்த ஒரு விஷயத்தில்தான் ஹீட் கேன் தோற்கிறது. அதில் இருப்பது சிலிகான் வகை ரெசின். காய்ந்த மாதிரி தெரிந்தாலும், சூடு ஏற்றித்தான் அது முழுசாக இறுகும். கேனின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தால் தெரியும்: 120 டிகிரியில் அரை மணி நேரம், ஆறவிட்டு 200, பிறகு 300-க்கு மேல் என்று படிப்படியாகப் போகச் சொல்லும் கேன்கள்தான் அதிகம். மேனிஃபோல்டில் அடித்தால் எஞ்சின் சூடே இந்த வேலையைச் செய்துவிடும். வால்வ் கவர் எந்தக் காலத்தில் 300 டிகிரி பார்க்கப் போகிறது? சமையலறை ஓவனில் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த வாடையில் அப்புறம் கேக் சுட முடியாது என்பது ஒரு பக்கம் இருக்க, அம்பாசடர் வால்வ் கவரின் நீளத்துக்கு வீட்டு ஓவன் போதவும் போதாது.

இறுகாத அந்தப் பெயிண்டின் மேல் பெட்ரோல் பட்டால் என்ன ஆகும் என்பதை இந்த எஞ்சினில் தேடிப் போக வேண்டியதில்லை. கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், அதை ஒட்டி மேலே வால்வ் கவர். பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் (மிதவை) சரியாக உட்காராமல் கார்புரேட்டர் கொஞ்சம் ஓவர்ஃப்ளோ ஆனாலோ, பைப்பைக் கழற்றும்போது நாலு சொட்டு தெறித்தாலோ, கவரின் ஓரம் பிசுபிசுக்கும். பனியன் வேஸ்டால் துடைத்தால் கறுப்பு துணிக்கு வந்துவிடும், இரும்பில் சாம்பல் நிற பிரைமர் எட்டிப் பார்க்கும். பியூ அப்படி இல்லை. பெயிண்டும் ஹார்டனரும் ரசாயனமாகச் சேர்ந்து இறுகுவதால், ஒரு வாரம் நன்றாக ஆறிய பிறகு பெட்ரோல் பட்டாலும் துடைத்துவிட்டுப் போகலாம். பிரேக் ஆயில் கொஞ்சம் முரட்டு ஆசாமி. அதை எந்தப் பெயிண்டிலும் ஊறவிடக் கூடாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

வாங்கும் முன்பே சோதித்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள், இரண்டு தகரத் துண்டுகளில் இரண்டையும் அடித்து ஒரு வாரம் வைத்துவிட்டு, தின்னரில் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவை இருக்காது.

பியூவின் இன்னொரு வசதி, பின்னால் டச்-அப் செய்ய முடிவது. ஸ்பேனர் வழுக்கி ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால், அந்த இடத்தை மட்டும் 400 வாட்டர் பேப்பரால் தேய்த்து, கொஞ்சம் கலந்து சின்ன பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் போதும். கார் பெயிண்ட் மிக்ஸிங் கடைகளில் குறைந்த அளவிலும் கலந்து தருவார்கள். ஹார்டனரைத் தனிப் பாட்டிலில் வாங்கி இறுக்கி மூடி வைக்க வேண்டும், காற்று ஈரம் புகுந்தால் கட்டிவிடும். மழைக்காலத்தில் ஈரக்காற்றோடு அடிக்கவும் கூடாது, மேலே சிறுசிறு குமிழ் தட்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஸ்ப்ரே கன்னில் அடிக்கும்போது அந்தப் புகை நுரையீரலுக்குப் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோய் விடும். கோவிட் காலத்து துணி மாஸ்க், கைக்குட்டை எல்லாம் இதற்குக் கணக்கிலேயே வராது. பெயிண்ட் பட்டறைகளுக்கென்றே காற்று தனியாக வரும் மாஸ்க் உண்டு. அது இல்லாதவர்கள் சின்னப் பாகங்களை நல்ல காற்றோட்டத்தில், கையுறையோடு பிரஷ்ஷால் அடிப்பதே நல்லது. பிரஷ் தடம் கொஞ்சம் தெரியும், பரவாயில்லை. வீட்டில் குழந்தைகள் இருந்து, மாடிப்படிக்குக் கீழேதான் இடம் என்றால் பியூவை ஸ்ப்ரே செய்யும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

அடியில் என்ன பிரைமர் என்பதும் முக்கியம். நம் ஊரில் இரும்பு என்றாலே ரெட் ஆக்ஸைடு. அதன் மேல் பியூ அடித்தால் அதிலுள்ள தின்னர் கீழே இறங்கி ரெட் ஆக்ஸைடைச் சுருட்டிவிடும், மேல் பரப்பு அப்பளம் மாதிரி பொங்கி நிற்கும். எபாக்ஸி பிரைமர்தான் இதற்கு ஜோடி. அலுமினியப் பாகம் இருந்தாலும் எபாக்ஸி பிடித்துக்கொள்ளும்.

பவுடர் கோட்டிங்கை நான் பேட்டரி தட்டுக்கு மட்டும்தான் செய்தேன், அதனால் அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆசிட் சொட்டும் அந்தத் தட்டுக்கு இதுவரை நன்றாகத்தான் நிற்கிறது. மின்சாரத்தால் ஒட்டிய தூளை 180, 200 டிகிரியில் உருக்கிப் பிடிக்க வைப்பதால் படலம் தடிமனாக, ஒரே சீராக வரும். ஒற்றைப் பாகத்தைக் கொண்டுபோனால் அன்று ஓடுகிற கலரில்தான் போட்டுத் தருவார்கள். நமக்குக் கறுப்பு என்றால் கறுப்பு ஓடும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். ரப்பர் புஷ் இறுக்கிய பிராக்கெட்டை அந்த அடுப்பில் வைக்க முடியாது. எண்ணெய் ஊறிய வார்ப்புப் பாகம் என்றால் சூட்டில் எண்ணெய் கசிந்து ஊசித்துளை விழும். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு இடத்தில் உடைந்தால் வீட்டில் ஒட்டுப்போட வழியில்லை. அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து, மேலே பளபளவென்று இருக்கும்போதே அடியில் துரு ஓடும்.

விலையைப் பொறுத்தவரை மூன்றுக்கும் பெரிய சண்டை இல்லை. தேய்ப்பதும் கழுவுவதும் மூன்றுக்கும் ஒன்றுதான்: மண்ணெண்ணெயில் எண்ணெய் போகக் கழுவி, வயர் பிரஷ் போட்டு, எமரியில் தேய்த்து, கடைசியாகத் தின்னர் துணியால் துடைத்து, அதற்குப் பிறகு வெறும் கையால் தொடாமல் அடிக்க வேண்டும். எதை அடித்தாலும் இரண்டு இடங்களை டேப் ஒட்டி விட்டுவிடுங்கள். ஒன்று, கார்க் கேஸ்கட் உட்காரும் விளிம்பு. இன்னொன்று, எர்த் வயர் முறுக்கும் இடம். அங்கே பெயிண்ட் ஏறினால் கரண்ட் போகாது, செல்ஃப் இழுக்கவில்லை என்று பேட்டரியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம்.

மேனிஃபோல்டுக்கு மட்டும் ஹீட் கேன். அங்கே பியூ கருகிவிடும், வேறு வழியே இல்லை. பிரைமர் இல்லாமல் நேராக வெறும் இரும்பில், மெல்லிசாக அடிக்க வேண்டும். முதல் சில தடவை எஞ்சினை ஓடவிடும்போது புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் எஞ்சினோடு சேரும் போர்ட் ஓரங்களில் வெளுக்கத்தான் செய்கிறது.

போல்ட், நட்டுகளுக்குப் பெயிண்டே வேண்டாம். எதை அடித்தாலும் முதல் ஸ்பேனரிலேயே உதிர்ந்துவிடும். ஒரு டப்பாவில் சேர்த்து ஜிங்க் பிளேட்டிங்குக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. சிலிண்டர் ஹெட் ஸ்டட், நட்டுகளை மட்டும் அந்த டப்பாவில் போட்டுவிடாதீர்கள். பிளேட்டிங் தொட்டியின் ஆசிட்டில் ஹைட்ரஜன் ஏறினால், கெட்டியான ஸ்டீல் முறுக்கும்போது படக்கென்று உடையும்.