செக்யூரிட்டி குரூப்பா, நெட்வொர்க் ஏசிஎல்லா?

ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) தேர்வுக்குப் படிப்பவர்கள் அதிகம் குழம்புவது, எந்த இணையப் போக்குவரத்தை உள்ளே, வெளியே விடலாம் என்று தீர்மானிக்கும் இந்த இரண்டு காவல் அமைப்புகளில்தான். செக்யூரிட்டி குரூப் சர்வரின் வாசலிலேயே நிற்கும். அதில் அனுமதி விதி மட்டுமே எழுதலாம். உள்ளே விட்ட கோரிக்கைக்கான பதிலைத் தானாகவே வெளியே அனுப்பிவிடும்.

ஏசிஎல் சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) முழுவதற்கும் காவல். ஆனால் அதற்கு ஞாபகம் கிடையாது; உள்ளே விட்ட கோரிக்கையின் பதில் வெளியே போகவும் தனி விதி வேண்டும். இணையப் பக்கக் கோரிக்கைகள் வரும் 443 என்ற போர்ட்டை (தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல்) உள்ளே திறந்துவிட்டு, பதில் போவதற்கு வெளியே 1024 முதல் 65535 வரையிலான போர்ட்டுகளைத் திறக்க மறந்தால் பக்கம் லோட் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நானும் ஒரு மாலை முழுக்க இதில் தவித்திருக்கிறேன். ஏசிஎல் தன் விதிகளைச் சிறிய எண்ணிலிருந்து பார்க்கும்; முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். 100-இல் அனுமதித்ததை 200-இல் தடுக்க முடியாது.

அன்றாட வேலைக்கு என் தேர்வு செக்யூரிட்டி குரூப்தான். கேள்வியில் ‘குறிப்பிட்ட ஐபி முகவரியைத் தடுக்க வேண்டும்’ என்று வந்தால் ஏசிஎல்லைப் பிடியுங்கள். இந்த இரண்டில் தடை விதி அதற்கு மட்டுமே உண்டு.