எலெக்ட்ரிக்காக மாற்ற எந்த பைக்கை எடுப்பது?

பலர் முதலில் மோட்டாரைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேமை. எஞ்சினை இறக்கியதும் அங்கே எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ அவ்வளவுதான் பேட்டரி.

ஒரு கணக்கு போடுவோம். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் ஒன்று 3.2 வோல்ட், சுமார் 2 கிலோ. 24 செல்களைத் தொடராக இணைத்தால் 76.8 வோல்ட், ஏறக்குறைய 7.7 கிலோவாட்-மணி. செல்கள் மட்டுமே 48 கிலோ, 23 லிட்டர் இடம். நகரத்துக்குள் கிலோமீட்டருக்கு 50 வாட்-மணி செலவாகும் என்று வைத்து, கடைசிச் சொட்டு வரை இறக்காமல் ஓட்டினால் 120 கிலோமீட்டர் வரும்.

100, 125 சிசி வண்டிகளில் இதற்கு இடமே கிடையாது. பலவற்றில் எஞ்சினுக்குக் கீழே ஃபிரேம் குழாயே இருக்காது. எஞ்சின்தான் ஃபிரேமைத் தாங்குகிறது. பாதி பேட்டரியோடு பக்கத்துத் தெரு வரை போய்வர என்றால் சரி.

600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் ஆசை காட்டும். பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் அருமை. ஆனால் ஃபிரேம் பெரும்பாலும் அலுமினியம். அதில் ஒரு பிராக்கெட் வைக்கக்கூட கைதேர்ந்த வெல்டர் வேண்டும். சூட்டில் அந்த இடம் பலமிழக்கும். விழுந்த வண்டிகளும் இந்த வகையில் அதிகம். ஹேண்டில்பார் கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது.

நான் கை காட்டுவது, எஞ்சினுக்கு அடியில் இரண்டு குழாய்கள் ஓடும் பழைய 500 முதல் 750 சிசி வண்டிகளை. ஹோண்டா சிபி750 மாதிரி. தொட்டில் போன்ற ஸ்டீல் ஃபிரேம்; எஞ்சின் போனாலும் வளையம் மூடியே நிற்கும். கழற்றும் எஞ்சினே கனமானது என்பதால் மோட்டாரும் பேட்டரியும் ஏறிய பிறகும் மொத்த எடை பழைய அளவிலேயே நிற்க வாய்ப்புண்டு. ஒரு சிக்கல்: உள்ளே இடம் இருந்தாலும் பேட்டரிப் பெட்டி பக்கவாட்டில் நுழைய வேண்டும். அட்டையில் அதே அளவுக்குப் பெட்டி செய்து, சாய்த்துச் சாய்த்து நுழைத்துப் பாருங்கள். குழாய்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டால், ஒரே பெட்டிக்குப் பதில் இரண்டாகப் பிரித்துவிடலாம்.

நெடுஞ்சாலைதான் அதிகம் என்றால் என் பதில் மாறும். அங்கே காற்றுதான் பேட்டரியைக் குடிக்கிறது. ஃபேரிங் (காற்றை விலக்கும் வெளிமூடி) உள்ள கவாசாகி நிஞ்ஜா 250 அதற்குப் பொருத்தம். இடம் குறைவு, ஆனால் ஃபிரேம் ஸ்டீல்.

டுகாட்டி மான்ஸ்டரின் பழைய மாடல்கள் பக்கம் போக வேண்டாம். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்ம் எஞ்சின் உடலிலேயே மாட்டியிருக்கும். எஞ்சினை எடுத்தால் பின்சக்கரத்துக்குப் பிடிமானமே இல்லை.

எதை எடுத்தாலும் எஞ்சின் செத்த, ஆனால் பதிவு ஆவணங்கள் சரியாக இருக்கும் வண்டியைத் தேடுங்கள். ஓடும் எஞ்சினுக்குக் கொடுக்கும் காசு செல்லுக்கு உதவும்.