"ஜிஎஸ்டி மாறிருச்சுண்ணே": வெளிநாட்டு கார் பார்ட்ஸ் வாங்கப் போய் 62,300 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

இன்னைக்குக் காலையில ஒரு ஆன்லைன் பார்ட்ஸ் கடையில இருந்து மெசேஜ் வந்துச்சு. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." அவ்வளவுதான். 62,300 ரூபாயை வாங்கிக்கிட்டு ஒத்த வரியில முடிச்சுட்டாய்ங்க. ஆத்திரம் அடங்கல, அதனால இப்பவே எழுதுறேன்.

வண்டி அப்பாவோடது. 2004 மாடல் மிட்சுபிஷி லான்சர், நம்ம திருவள்ளூர்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில தயாரானது. சனிக்கிழமையானா அப்பா அதுலதான் அழகர்கோயிலுக்குப் போவாரு. ஆடி மாசத்துல இருந்து பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுக ஆரம்பிச்சுச்சு. மதுரை காளவாசல் பக்கம் இருக்கிற எங்க மெக்கானிக் அண்ணன் ரெண்டு தடவை ராக்கை, அதாவது ஸ்டியரிங்கைச் சுத்துனா முன் சக்கரத்தைத் திருப்புற பாகத்தை, கழட்டி சீல் மாத்துனாரு. மூணாவது தடவை கையை விரிச்சுட்டாரு. "ஷாஃப்ட்ல துரு ஏறிக் குழி விழுந்துருச்சு தம்பி. எத்தனை சீல் போட்டாலும் அறுத்துரும். ராக்கையே மாத்தணும்." வெளி வீதிக் கடைகள்ல கேட்டாச்சு. சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் விட்டும் பார்த்தாச்சு. அங்க கிடைச்ச ரெண்டும் நம்ம வண்டியில இருக்கிறதைவிட மோசம்.

அப்பத்தான், 2025 செப்டம்பர் முதல் வாரம், அந்த ஆன்லைன் கடை கண்ணுல பட்டுச்சு. புகார் கொடுத்திருக்கிறதால பேர் போடல. நின்னுபோன மாடல்களுக்கு வெளிநாட்டுல இருந்து பார்ட்ஸ் எடுத்துத் தர்ற மாதிரியான தளம்னு வச்சுக்கோங்க. தாய்லாந்துல இருந்து புது ராக், சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேர்த்து 52,500 ரூபாய், தீபாவளிக்கு முன்னாடி வீட்டு வாசல்ல இறங்கிரும்னாங்க.

நான் பார்த்த உடனே பணம் கட்டுற ஆள் இல்லை. ரெண்டு நாள் யோசிச்சேன். மூணாவது நாள் அவங்க ஆளே கூப்பிட்டான். "அண்ணே, நானும் திருமங்கலம்தாண்ணே"ன்னு ஆரம்பிச்சான். அதுல கூட நான் விழல. "அவசரப்பட்டுப் பணம் கட்டாதீங்கண்ணே, முதல்ல சேசிஸ் நம்பரையும் ஆர்சி போட்டோவையும் அனுப்புங்க, பார்ட் நம்பர் பொருந்துதான்னு பார்த்துட்டுச் சொல்றேன்"னான். அங்கதான் விழுந்தேன். விவரம் தெரிஞ்ச பார்ட்ஸ்காரன் அப்படித்தான் கேட்பான். மெக்கானிக் அண்ணனும், "சேசிஸ் நம்பர் கேட்டானா, அப்ப தொழில் தெரிஞ்சவன்தான்"னாரு. மறுநாள் "பொருந்துதுண்ணே"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ். 52,500 ரூபாயைக் கட்டிட்டேன். அந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் போன்ல இருக்கு. கேட்கக் கேட்க வயிறு எரியுது.

செப்டம்பர் 24ஆம் தேதி திரும்பவும் கூப்பிட்டான். ரெண்டு நாள் முன்னாடி, 22ஆம் தேதிதான், புது ஜிஎஸ்டி விகிதம் அமலுக்கு வந்திருந்துச்சு. டிவியைப் போட்டா அதே பேச்சு. "ஜிஎஸ்டி மாறிருச்சுண்ணே, நியூஸ்ல பார்த்திருப்பீங்களே. சரக்கு சுங்கத்துல நிக்குது. இன்னும் 9,800 கட்டுனாத்தான் விடுவாய்ங்க. லேட்டாச்சுன்னா தினம் டெமரேஜ், சரக்கு தேங்குறதுக்கான வாடகை, வேற ஏறும்." ஒரு தனி ஆள் பேர்ல இருந்த யுபிஐ நம்பரைக் கொடுத்தான். தீபாவளிக்கு வண்டி வேணும்ங்கிற நினைப்புல பத்தே நிமிஷத்துல அனுப்பிட்டேன். ஆக மொத்தம் 62,300.

ஜிஎஸ்டி மாறினது நிஜம்தான். ஆனா எந்தப் பக்கமா மாறுச்சு? சித்தப்பா மகன் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கான், தீபாவளிக்கு வந்தப்ப பேப்பர்ல போட்டுக் காமிச்சான். கார் பார்ட்ஸுக்குப் பெரும்பாலும் 28 சதவீதமா இருந்ததை 18ஆக் குறைச்சிருக்காங்க. பொருளும் கூரியரும் சேர்ந்து 30,000னா, சுங்க வரி 15 சதவீதம் 4,500. அந்த வரி மேல 10 சதவீதம் சமூக நல கூடுதல் வரி 450. ஆக 34,950. இந்தத் தொகை மேலதான் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிப் பொருளுக்குப் போடுற ஜிஎஸ்டி. பழைய கணக்குல 9,786, புதுக் கணக்குல 6,291. பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துல தாக்கல் பண்ற இறக்குமதிக் காகிதம், போடுற அன்னைக்கு என்ன ரேட்டோ அதுதான் செல்லும். அதாவது வரி குறைஞ்சிருக்கு, எனக்கு மூவாயிரத்துச் சொச்சம் மிச்சமாகியிருக்கணும். அதைச் சொல்லியே என்கிட்ட 9,800 பிடுங்கியிருக்கான்.

சரி, பொருளாவது உருப்படியா வந்துச்சா? அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை பெட்டி வந்துச்சு. மெக்கானிக் அண்ணன் ராக்கைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "தம்பி, பினியன், அதான் ஸ்டியரிங் கம்பி வந்து சேர்ற பல்சக்கரம், இடது பக்கம் இருக்குய்யா. இது லெஃப்ட் ஹேண்ட் வண்டிக்கு உள்ளது"ன்னாரு. தாய்லாந்துலயும் நம்மளை மாதிரி வலது பக்க ஸ்டியரிங்தான். பெட்டி மேல இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தா துபாய். அது புதுசும் இல்லை. ரப்பர் உறையைப் பிடிக்கிற பூட் கிளாம்ப் ஓரத்துல பழைய கிரீஸ் காஞ்சு ஒட்டியிருக்கு, போல்ட் ஓட்டையில ஸ்பேனர் பட்ட தழும்பு. அப்பா பக்கத்துலதான் நின்னாரு. "விடுப்பா"ன்னு சொல்லிட்டு ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டாரு. அதைத்தான் என்னால தாங்க முடியல.

அன்னைக்கே போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். முதல்ல "செக் பண்றோம்ண்ணே". நாலு நாள் கழிச்சு "லீவுண்ணே, தீபாவளி". அப்புறம் "பிரிச்ச பெட்டியைத் திருப்பி எடுக்கிறதில்லை". பிரிக்காம எப்படித் தெரியும்னு கேட்டா, "எந்தப் பக்க ஸ்டியரிங்னு நீங்க சொல்லலையே". ஆர்சியும் சேசிஸ் நம்பரும் கேட்டு வாங்கினவன் பேசுற பேச்சா இது? பில் ஆஃப் என்ட்ரி நகல் கேட்டேன், அன்னையில இருந்து போனை எடுக்கிறதே இல்லை. 2020 மின் வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள்ள புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். எனக்குக் கிடைச்சது இன்னைக்குக் காலையில வந்த அந்த ஒரு வரி. பேங்க்ல கேட்டா, "நீங்களே பின் போட்டு அனுப்பின பணம் சார்"ங்கிறாங்க.

என்னென்ன பார்க்கணும்னு விலாவாரியா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப மனசு ஓடல. முக்கியமானதை மட்டும் சொல்றேன். பில் ஆஃப் என்ட்ரி உங்க பேர்ல வருமான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்குங்க. தப்பான பொருளை வெளிநாட்டுக்கே திருப்பி அனுப்பினா, கட்டின சுங்க வரியில 98 சதவீதம் வரைக்கும் திரும்பக் கேட்க 1962 சுங்கச் சட்டம் 74ஆம் பிரிவுல வழி இருக்கு, ஆனா அந்தக் காகிதம் இல்லாம ஒண்ணும் நடக்காது. சுங்க வரின்னு தனி ஆள் யுபிஐக்கு ஒத்த ரூபாய் அனுப்பாதீங்க. பழைய பார்ட்ஸ் இறக்குமதிக்கு டிஜிஎஃப்டி, அதாவது மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக இயக்ககம், அனுமதி வேணும், அதனால "புதுசு"ன்னு சொல்லித் தள்ளிவிடுவாய்ங்க. பினியன் எந்தப் பக்கம்னு தெரியிற மாதிரி போட்டோ கேளுங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகாரைப் பதிவு பண்ணிட்டேன். அடுத்து மதுரை நுகர்வோர் ஆணையத்துல மனு கொடுக்கப் போறேன், அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. இதே மாதிரி மாட்டினவங்க யாராவது மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் இருந்தா சொல்லுங்க, சேர்ந்து போவோம். வலது பக்க லான்சர் ராக் நல்ல நிலைமையில யார்கிட்டயாவது இருந்தாலும் சொல்லுங்க, நேர்ல வந்து பார்த்துட்டுப் பணம் தர்றேன்.