டெபியனா, ஃப்ரீபிஎஸ்டியா, ஓப்பன்பிஎஸ்டியா? மொதல்ல வைஃபை சிப்ப பாருங்க

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு ஃப்ரீ சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து தெரிஞ்சவங்க பாதி பேரு பழைய லேப்டாப்ப தூக்கிட்டு வந்து "இதுல எந்த லினக்ஸ் போடலாம்"னு கேக்குறாங்க. லினக்ஸ் மட்டும்தான் போடணும்னு யாரு சொன்னா? யூனிக்ஸ்ங்கற பழைய ஓஎஸ் வம்சத்துல காசு வாங்காம குடுக்குற வேற வீடுங்களும் இருக்கு, பேரு பிஎஸ்டினு முடியறதெல்லாம் அதுதான். என்கிட்ட ஒரு திங்க்பேட் எக்ஸ்220 இருக்கு, 8 ஜிபி ரேம், அதுல ஒன்னு மாத்தி ஒன்னு போட்டு, அழிச்சு, மறுபடி போட்டு பாத்த கதைதான் இது.

கடைசியில எனக்கு புரிஞ்சது என்னன்னா, எந்த ஓஎஸ்னு முடிவு பண்றது நாம இல்ல, உள்ள இருக்க வைஃபை சிப்பு. அது ஒத்துக்கிட்டா மத்ததெல்லாம் பேசிக்கலாம். அதனால எதையும் அழிக்கறதுக்கு முன்னாடி லினக்ஸ் மிண்ட இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டுற லைவ் பென்டிரைவ் ஒன்னு போட்டு பூட் பண்ணி டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ (உள்ள இருக்க கார்டுங்கள பட்டியல் போடுற கமாண்டு) அடிச்சு நெட்வொர்க்னு வர்ற வரிய எழுதி வச்சுக்கோங்க. இன்டெல்னா நிம்மதி. ரியல்டெக்னா மாடல் நம்பர பாத்து தேடணும். பிராட்காம்னா டெபியன் பக்கமே நில்லுங்க, அங்கயும் கொஞ்சம் மல்லுக்கட்டணும்.

இப்ப ஆளுங்கள பாப்போம். டெபியன் 1993ல இயன் மர்டாக் ஆரம்பிச்சது. கெர்னல் (ஓஎஸ்ஸோட இதயம்) ஒரு வீட்டுல, டூல்ஸ் இன்னொரு வீட்டுல, டெபியன்காரங்க எல்லாத்தையும் வாங்கிட்டு வந்து பந்தி போடுறாங்க. பிஎஸ்டி அப்படி இல்ல, கெர்னல்ல இருந்து ஃபைல பட்டியல் போடுற எல்எஸ் கமாண்ட் வரைக்கும் ஒரே அடுப்புல வேகுது. ஃப்ரீபிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் அதே 1993, ரெண்டுமே பெர்க்லி யூனிவர்சிட்டி கோடு வழியா வந்ததுங்க. நெட்பிஎஸ்டில இருந்து தியோ டி ராட் 1995ல பிரிஞ்சு போயி ஆரம்பிச்சதுதான் ஓப்பன்பிஎஸ்டி. (1993 சமயத்துல பெர்க்லி கோடு மேல ஏடி&டி பக்கத்துல இருந்து ஒரு கேஸு ஓடிட்டு இருந்துது, 1994ல தான் சமாதானம் ஆச்சு, அதுக்குள்ள லினக்ஸ் ரொம்ப முன்னாடி ஓடிருச்சு. அந்த கேஸு இல்லன்னா இன்னிக்கு எல்லாரும் பிஎஸ்டி பத்தி தான் பேசிட்டு இருப்போம்னு சொல்ற ஆளுங்க உண்டு, எனக்கும் கொஞ்சம் அந்த சபலம் இருக்கு.)

டவுன்லோடுக்கு வருவோம். டெபியன்ல நெட்இன்ஸ்ட் போதும், ஒரு 800 எம்பி வரும், மீதிய நெட்டுல இருந்து இழுத்துக்கும். 2023ல வந்த 12ல இருந்து வைஃபை ஃபர்ம்வேரையும் (சிப்புக்குள்ள ஏத்துற குட்டி சாஃப்ட்வேர்) உள்ளயே வச்சுட்டாங்க, அதுக்கு முன்னாடி அதுக்குன்னு தனி ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் இமேஜ் ஃபைல்) தேடி அலையணும், அது ஒரு பெரிய தலைவலி. ஃப்ரீபிஎஸ்டில பூட்ஒன்லி, டிஸ்க்1, டிவிடி1, மெம்ஸ்டிக்னு நாலஞ்சு பேரு இருக்கும், குழம்பாதீங்க, பென்டிரைவ்ல போடறதுக்கு மெம்ஸ்டிக் தான். ஓப்பன்பிஎஸ்டில வெர்ஷன் நம்பர்ல புள்ளிய எடுத்துட்டு பேரு வைப்பாங்க, 7.6னா இன்ஸ்டால்76.ஐஎம்ஜி. ஐஎஸ்ஓ சிடிக்கு, ஐஎம்ஜி பென்டிரைவுக்கு, இது தெரியாம நான் ஐஎஸ்ஓவ எழுதிட்டு பூட் ஆகலையேன்னு அரை நாள் உக்காந்துருந்தேன்.

எது இறக்குனாலும் எஸ்ஹெச்ஏ256 செக்சம்ம (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர்) ஒத்து பாருங்க, இத யாரும் செய்யறதே இல்ல. 2016 பிப்ரவரில லினக்ஸ் மிண்ட் சைட்ட யாரோ ஹேக் பண்ணி டவுன்லோடு லிங்க்க மாத்திட்டாங்க, அன்னிக்கு 17.3 சின்னமன் இறக்குனவங்களுக்கு பின்வாசல் வச்ச ஐஎஸ்ஓ கெடச்சுது. சைட்டே கைமாறிட்டா அங்க எழுதி வச்ச செக்சம்மயும் மாத்தலாம், அதனால கையெழுத்து போட்ட ஃபைல பாக்கறது இன்னும் நல்லது. ஓப்பன்பிஎஸ்டிகாரங்க இதுக்குன்னே சிக்னிஃபைனு ஒரு குட்டி டூல் எழுதிருக்காங்க. போன ரிலீஸ்லயே அடுத்த ரிலீஸோட கையெழுத்த சரிபாக்கற சாவிய குடுத்துருவாங்க, எனக்கு ரொம்ப புடிச்ச ஏற்பாடு.

இன்ஸ்டால் பண்றதுல ஓப்பன்பிஎஸ்டிய அடிச்சுக்க ஆளில்ல. கேள்வி, என்டர், கேள்வி, என்டர், பத்து பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. ஆனா அந்த என்டர் சுகத்துலயே நான் டிஸ்க் கேள்விக்கும் என்டர் அடிச்சேன், மொத்த டிஸ்க்குங்கறது தான் அங்க டீஃபால்ட்டு, பக்கத்து பார்ட்டிஷன்ல இருந்த கல்யாண போட்டோவெல்லாம் போச்சு. கேள்வி தெளிவா தான் கேட்டுச்சு, நான் தான் படிக்கல. அப்புறம் இன்டெல் வைஃபைக்கு ஃபர்ம்வேர் வேணும், லைசென்ஸ் பிரச்சனையால இமேஜ்ல இருக்காது, எஃப்டபிள்யூ_அப்டேட் கமாண்ட் நெட்டுல இருந்து எடுக்கும். வைஃபை வர நெட் வேணும், நெட் வர வைஃபை வேணும்! ஆண்ட்ராய்டு ஃபோன கேபிள்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணா தீந்துது.

ஃப்ரீபிஎஸ்டில என் 6205 சிப்புக்கு ஃபர்ம்வேர் உள்ளயே இருந்துது, சிக்கலே இல்ல. புது இன்டெல் சிப்புங்க தான் அங்க ரொம்ப நாளா பழைய 11ஜி வைஃபை காலத்து வேகத்துலயே நொண்டிட்டு இருந்துது, 2025ல வந்த 14.3ல தான் வேகமான 11ஏசி எட்டி பாத்துது. ஓப்பன்பிஎஸ்டில அது 2022லயே வந்தாச்சு. ஃப்ரீபிஎஸ்டில வைஃபைபாக்ஸ்னு ஒன்னு இருக்கு, உள்ளுக்குள்ள ஒரு குட்டி லினக்ஸ விர்ச்சுவல் மெஷின்ல ஓட்டி வைஃபை கார்ட மட்டும் அது கையில குடுத்துரும். சிப்பு தான் முதலாளின்னு நான் சொன்னேன்ல.

தினப்படி புழக்கத்துக்கு வந்தா நிலைமை வேற. ஃப்ரீபிஎஸ்டியோட பலம் இசட்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டமும், பழைய சிஸ்டத்த அப்படியே எடுத்து வைக்கற பூட் என்விரான்மெண்ட்டும். அப்டேட் பண்ணி ஏதாவது ஒடஞ்சா பூட் மெனுல பழசயே தேர்ந்தெடுத்து திரும்பி வந்துரலாம், நான் ரெண்டு தடவ வந்துருக்கேன். ஆனா சர்வர் தான் அதோட சொந்த ஊரு. நெட்ஃப்ளிக்ஸ் வீடியோவ நமக்கு அனுப்புற சர்வருங்க ஃப்ரீபிஎஸ்டில தான் ஓடுது, ஆனா ஃப்ரீபிஎஸ்டி லேப்டாப்ல உக்காந்து அதே நெட்ஃப்ளிக்ஸ நேரா பாக்க முடியாது, காப்பி அடிக்க விடாம வீடியோவுக்கு பூட்டு போடுற டிஆர்எம் மாடியூல் இல்ல, சுத்தி வளைச்சு தான் போகணும். ஓப்பன்பிஎஸ்டில சுத்தவும் வழியில்ல.

ஓப்பன்பிஎஸ்டில ப்ளூடூத் கோடையே 2014ல தூக்கிட்டாங்க, இயர்பட்ஸ்காரங்க இத்தோட கெளம்பலாம். ஃபயர்ஃபாக்ஸ்ல ஒரு ஃபைல அப்லோடு பண்ண போனா டவுன்லோட்ஸ் ஃபோல்டர விட்டா வேற எதுவும் அதோட கண்ணுக்கு தெரியாது, அன்வெய்ல்னு ஒரு பூட்டு. மொத வாரம் எரிச்சலா இருந்துது, இப்ப வேற மெஷின்ல உக்காந்தா பிரவுசர் என் வீட்டையே தொறந்து பாக்குதேன்னு தோணுது. தூங்க வைக்கற கமாண்டு பேரு இசட்இசட்இசட், மூடுனா தூங்குது, தொறந்தா முழிக்குது, என் மெஷின்ல ஒரு தடவ கூட சொதப்பல. ஆறு மாசத்துக்கு ஒரு ரிலீஸ், ஒரு ரிலீஸுக்கு ஒரு வருஷம் தான் ஆயுசு, ஆனா சிஸ்அப்கிரேடுனு ஒரு கமாண்டு அடிச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்தா முடிஞ்சுருக்கும்.

தமிழ் டைப்பிங்க விட்டா எப்படி. டெபியன்ல ஐபஸ் எம்17என்னு ஒரு டைப்பிங் பேக்கேஜ் போட்டா தமிழ்99, ஃபோனெடிக் எல்லாம் வரும், ஃப்ரீபிஎஸ்டியோட சாஃப்ட்வேர் கிடங்கான போர்ட்ஸ்லயும் அது இருக்கு. ஓப்பன்பிஎஸ்டில நான் எக்ஸ்கேபிங்கற கீபோர்டு செட்டிங்ல இருக்க தமிழ்நெட்99 லேஅவுட்ட தான் வச்சு ஓட்டுறேன், தானா புள்ளி விழற வசதி மட்டும் இல்ல, கை பழகிக்கும்.

நெட்பிஎஸ்டிய பத்தி நிறைய சொல்ல மாட்டேன். 9.0 2020ல, 10.0 2024ல, அவ்ளோ நிதானம். ஆனா இன்டெல் ஆட்டம்ங்கற 32 பிட் சிப்பு வச்ச குட்டி நெட்புக் யாராவது வச்சுருந்தா இதுவும் ஓப்பன்பிஎஸ்டியும் தான் கதி, ஏன்னா டெபியன் 13ல 32 பிட் இன்ஸ்டாலரே இல்ல, ஃப்ரீபிஎஸ்டி 15லயும் 32 பிட் பிசிக்கான ஐ386 போயிருச்சு.

அப்பா அம்மாவுக்கு, ஆன்லைன் கிளாஸ் பாக்குற பசங்களுக்கு டெபியன், இல்லன்னா மிண்ட், அதுல பேச்சே இல்ல. வீட்டுல பேக்கப் வைக்க ஒரு டப்பா வேணும்னா ஃப்ரீபிஎஸ்டி. என் எக்ஸ்220ல இப்ப ஓப்பன்பிஎஸ்டி தான். சிப்பு ஒத்து வராம, ஆனாலும் பிஎஸ்டி தான் வேணும்னு அடம் புடிக்கறவங்க ஆர்டிஎல்8188இயு சிப்பு வச்ச சின்ன யூஎஸ்பி டாங்கிள் ஒன்னு வாங்கி சொருகிக்கோங்க, மூனு பிஎஸ்டிலயும் அதுக்கு டிரைவர் இருக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தான் புடிக்கும், ரவுட்டர்ல அத ஆஃப் பண்ணி வச்சுட்டு என்ன திட்டாதீங்க.