1,900 டாலர் போச்சு: விலை மதிப்பிடுபவரே விற்பவராக இருந்தால் நம்பாதீர்கள்

"எங்கள் மதிப்பீடு என்பது ஒரு கருத்து மட்டுமே." எனக்குப் பழைய பிஸ்டல் விற்ற கடையிலிருந்து நேற்று இரவு வந்த கடைசி மின்னஞ்சலில் இருந்தது இந்த ஒரு வரிதான். இதற்குப் பிறகும் சும்மா இருக்க முடியாது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் உலகப் போர்க் காலப் பொருட்களைச் சேகரிப்பவர்கள் இருக்கிறீர்கள். தயவுசெய்து படியுங்கள்.

நான் வாங்கியது 1917-இல் பெர்லினில் டி.டபிள்யூ.எம். நிறுவனம் செய்த லூகர் பிஸ்டல். பீரங்கிப் படைக்கென்று செய்த வகை: 20 செ.மீ. நீளக் குழல், 800 மீட்டர் வரை அளவு குறித்த பின் சைட் (குறிபார்க்கும் பாகம்). பல வருட ஆசை. கொடுத்த விலை 3,400 டாலர். இப்போது தெரியவந்திருக்கும் உண்மையான மதிப்பு அதிகம் போனால் 1,500. ஆக, 1,900 டாலர் போய்விட்டது.

விற்றது வேறு மாநிலத்தில் உள்ள ஒரு பழைய ஆயுதக் கடை. ஏல இணையதளம் ஒன்றின் வழியாக விற்கிறார்கள், காசு வாங்கிக்கொண்டு மதிப்பீட்டுச் சான்றிதழும் தருகிறார்கள். லூகருக்கு விலை நிற்பது முக்கியமாக எண்ணிலும் பூச்சிலும்தான். சீரியல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சின்னச் சின்ன பாகங்களில்கூட அடித்திருப்பார்கள். அவை எல்லாம் ஒத்துப்போய், தொழிற்சாலைப் பூச்சும் அப்படியே இருந்தால் ஒரு விலை. பாகம் மாறியிருந்தாலோ, பின்னாளில் யாராவது புதிதாக நீலம் (இரும்பு துருப்பிடிக்காமலிருக்க ஏற்றும் கருநீலப் பூச்சு) ஏற்றியிருந்தாலோ விலை பாதிக்கு இறங்கிவிடும். இது எனக்கும் தெரியும். அதனால்தான் அந்த இரண்டையும் ஃபோனில் நேராகவே கேட்டேன்.

அந்த மனிதர் பேசிய விதத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அவசரமே காட்டவில்லை. "நிதானமாக யோசியுங்கள், இது எங்கேயும் ஓடிவிடாது" என்றார். எண்கள் எல்லாம் ஒன்றே, பூச்சு தொழிற்சாலைப் பூச்சே என்று உறுதி சொன்னார். அப்புறம், நான் கேட்காமலே, "மரக் கைப்பிடியில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது, அதற்காக 100 டாலர் குறைத்துக்கொள்கிறேன்" என்றார். குறையைத் தானே எடுத்துச் சொல்கிறவர் பொய் சொல்வாரா? அந்த இடத்தில்தான் நம்பினேன். முத்திரை குத்திய சான்றிதழும் வந்தது. போஸ்டல் மணி ஆர்டரில் பணம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். வேறு மாநிலத்திலிருந்து வரும் துப்பாக்கி என்பதால் அது எங்கள் ஊர் டீலரின் கடைக்கு வந்தது, அங்கே படிவத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் லூகர்களையே காலமெல்லாம் பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே ஒரு பார்வை பார்த்தார், முகம் மாறிவிட்டது. அந்தக் கால லூகரில் ஃபிரேமின், அதாவது துப்பாக்கியின் உடற்பகுதியின், உட்புறம் பூச்சில்லாமல் வெறும் இரும்பாக இருக்க வேண்டும். இதில் உள்ளேயும் நீலம். முழுசாக முக்கி எடுத்திருக்கிறார்கள். ட்ரிகர், சேஃப்டி லீவர் எல்லாம் சூடேற்றிய வைக்கோல் மஞ்சளில் இருக்க வேண்டியவை. இதில் அவையும் நீலம்தான். விற்பனைப் படங்களில் மட்டும் அந்த இடங்கள் வெளிச்சத்தில் மஞ்சளாகத் தெரிந்தன. பின் சைட்டில் இருந்த எண்ணை அரம் போட்டு அழித்துவிட்டு வேறு அச்சில் அடித்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரத்தின் கோடுகள் தெரிகின்றன.

உடனே கடைக்கு ஃபோன் செய்தேன். ஓனர் வெளியூரில் என்றார்கள். பிறகு, படம் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன், பதில் இல்லை. மறுபடி கேட்டால், "நீங்கள் உள்ளூர் டீலரிடம் படிவத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டீர்கள், அத்தோடு பரிசோதனைக் காலம் முடிந்தது" என்கிறார்கள். சான்றிதழில் உங்கள் கையெழுத்து இருக்கிறதே என்றால், அதற்குப் பதில்தான் அந்த "கருத்து மட்டுமே". ஏல இணையதளத்தில் புகார் கொடுத்தால், விற்பவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று தானாக வரும் ஒரு கடிதம். என் 1,900 டாலருக்கு யாரும் பொறுப்பில்லை! அஞ்சல் மோசடி என்று அஞ்சல் துறையின் புலனாய்வுப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன்.

எப்படி மதிப்புப் பார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்கான மனநிலை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விற்பவர் தரும் மதிப்பீட்டுக் காகிதத்துக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பக்கத் தகட்டைக் கழற்றி உட்புறப் படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். டீலர் கடைக் கவுன்ட்டரிலேயே, படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, தெரிந்த ஆளை வைத்துப் பாருங்கள். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், அதே வகை உண்மையில் விற்றுப்போன விலையைப் பாருங்கள். மணி ஆர்டர் வேண்டவே வேண்டாம்.

இதே மாதிரி சான்றிதழோடு யாராவது பழைய பிஸ்டல் வாங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள். புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.