பஸ்ரா, டெல் அவிவ், டோஹா: பயம் உள்ள இடத்துக்கு வேலைக்குப் போவதென்றால் எங்கே போகலாம்?

இப்போது திருகோணமலையில் வெளிநாட்டுக் கதை எடுத்தால் மூன்று நாடுகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஈராக்கில் எண்ணெய்க் கம்பனி கேம்ப் வேலை, இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு அல்லது தோட்ட வேலை, கட்டாரில் வழமையான கம்பனி வேலை. மூன்றிலும் சம்பளத்தோடு சேர்ந்து ஒரு பயமும் வருகிறது, அளவுதான் வேறு. நான் கட்டாருக்குப் போய் ஏசி டெக்னீஷியனாக வேலை செய்துவிட்டுத் திரும்பியவன். ஆகவே இதை நடுநிலைத் தீர்ப்பு என்று நம்பிவிட வேண்டாம், கட்டார் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். ஈராக் பற்றி எழுதுவது அங்கே கேம்ப்பில் ஸ்டோர் கீப்பராக இருந்த அத்தான் சொன்னதை வைத்து. இஸ்ரேல் பற்றி எழுதுவது இன்னும் அங்கேயே வேலை செய்யும் மச்சாள் சொல்வதை வைத்து.

சம்பளக் கதையை முதலில் முடித்துவிடுவோம், அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. இஸ்ரேலில் 2024 ஏப்ரலில் சட்டப்படியான ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 5,880 ஷெக்கல் ஆனது. கட்டாரில் 2021 மார்ச் முதல் அது 1,000 ரியால், சாப்பாடும் தங்குமிடமும் கம்பனி தராவிட்டால் மேலதிகமாக 300, 500. டொலரில் மாற்றிப் பார்த்தால் ஒன்றுக்கு ஐந்து என்ற மாதிரி வித்தியாசம். கைத்தொழில் தெரிந்தவனுக்குக் கட்டாரில் இதைவிடக் கூடக் கிடைக்கும், ஆனாலும் இஸ்ரேலை எட்டாது. ஈராக் கேம்ப் இரண்டுக்கும் இடையில். காசு ஒன்றுதான் கணக்கென்றால் இதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை.

காசுக்கு அடுத்தபடி பெடியன்கள் சொல்லும் நியாயம் ஒன்று இருக்கிறது. "அண்ணா, நாங்கள் பார்க்காத ஷெல்லா, பார்க்காத சென்றியா?" சொல்பவனுக்கு இருபத்திரண்டு வயது என்றால் அவன் பார்த்தது கொஞ்சம்தான், அதை விடுவோம். பார்த்த எங்களுக்கே அந்த அனுபவம் அங்கே பெரிதாக உதவாது. இங்கே எந்த ஒழுங்கையால் போனால் சோதனைச் சாவடி இல்லை, எந்த வீட்டில் பங்கர் இருக்கிறது, ஊரடங்கு எப்போது தளரும் என்பதெல்லாம் தெரியும். முக்கியமாக, போவதற்கு ஓர் இடம் இருந்தது. 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை தொடங்கியபோது சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாவது கந்தளாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அதே நாட்களில் மூதூரை விட்டுக் கிளம்ப முடியாமல் அலுவலகத்திலேயே தங்கியிருந்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நடக்கக்கூடியவனும் நடக்க முடியாதவனும் ஒரே ஊரில், ஒரே கிழமையில்.

ஆகவே ஆளைக் குழப்பும் கேள்வி, 'எந்த நாடு பாதுகாப்பு?' என்பது. அதற்கு யாரும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. நான் கேட்கச் சொல்வது, 'நிலைமை கெட்டால் நான் நினைத்த அன்றைக்குக் கிளம்பலாமா?' என்பதைத்தான். பாஸ்போர்ட் யார் கையில்? விமான நிலையம் வரை யார் கூட்டிப்போவது? நாட்டை விட்டு வெளியேற யாருடைய கையெழுத்து வேண்டும்? ஊரில் கடன் எவ்வளவு? இந்த நாலையும் வைத்துப் பார்த்தால் மூன்று நாடுகளும் வேறு வேறு முகம் காட்டுகின்றன.

ஈராக்கில் இருந்து தொடங்குவோம். 2004 ஓகஸ்டில் ஜோர்தான் வழியாக ஈராக்குக்கு வேலைக்குப் போன நேபாளத் தொழிலாளர்கள் 12 பேரைக் கடத்திக் கொன்றார்கள். துப்பாக்கி பிடிக்கப் போனவர்கள் அல்லர், சமையலுக்கும் துப்புரவுக்கும் போனவர்கள். 2014 இல் ஐஎஸ் இயக்கம் மொசூலையும் திக்ரித்தையும் பிடித்தபோது, திக்ரித் மருத்துவமனையில் இருந்த இந்தியத் தாதியர் 46 பேர் ஜூலையில் உயிரோடு கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். மொசூலில் கட்டட வேலையில் இருந்த இந்தியர் 39 பேர் கொல்லப்பட்டது 2018 மார்ச்சில்தான் உறுதியானது. நாலு வருடம் அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன.

இவற்றைவிட என்னை யோசிக்க வைத்தது, அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு சம்பவம். அதே 2014 ஜூனில், சண்டை நடக்காத நஜாப் பகுதியில் நூற்றுக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் கிளம்ப ஆயத்தமாக இருந்தும் கிளம்ப முடியவில்லை. முதலாளிமார் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரவில்லை என்று அப்போது சர்வதேச மன்னிப்புச் சபை வெளிப்படையாகச் சொன்னது. துப்பாக்கிக்காரன் அவர்கள் பக்கம் வரவேயில்லை, ஒரு மேசை லாச்சிதான் அவர்களைப் பிடித்து வைத்திருந்தது.

ஐஎஸ்ஸைத் தோற்கடித்துவிட்டதாக ஈராக் அரசு 2017 டிசம்பரில் அறிவித்த பிறகு நிலைமை நிறைய மாறியிருக்கிறது. அத்தான் போனதும் அதற்குப் பிறகுதான், பஸ்ராப் பக்கம். அவர் சொல்வதைக் கேட்டால் கேம்ப்புக்குள் குறை ஒன்றும் இல்லை: மெஸ் நல்லது, அறையில் ஏசி, சம்பளம் தவணை தவறாது. சுற்றிவர ஆளுயரத்துக்கும் மேலான கொங்கிரீட் சுவர். ஆனால் வாசலுக்கு வெளியே காலை வைப்பதென்றால் கம்பனி வாகனம், கம்பனிக் காவல், கம்பனி தரும் திகதி. ஒருமுறை லீவுக்கு வரும்போது ரோட்டில் ஏதோ பிரச்சினை என்று வாகனத் தொடரை நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் கையில் இருந்தும் பிளைட் போய்விட்டது. குர்திஸ்தான் பக்கம் அமைதி என்பார்கள், ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் 2024 ஏப்ரலில் அங்கே கோர் மோர் எரிவாயு வயலில் ட்ரோன் விழுந்து செத்தவர்கள் நாலு பேரும் யேமனில் இருந்து வேலைக்கு வந்தவர்கள். நல்ல கம்பனி அமைந்தால் ஈராக்கில் பிழைக்கலாம். கம்பனி சரியில்லை என்றால் மேலே சொன்ன முதல் மூன்று கேள்விக்கும் விடை கம்பனிதான்.

இஸ்ரேல் இதற்கு நேர்மாறு. அங்கே ஆபத்து மறைவாக இல்லை, மணி அடித்துச் சொல்லிவிட்டு வருகிறது. போனில் எச்சரிக்கை வரும், சைரன் ஊதும். டெல் அவிவ் பக்கம் என்றால் ரொக்கட் விழ ஏறத்தாழ ஒன்றரை நிமிடம், காஸா எல்லையோரம் என்றால் 15 விநாடி. புது வீடுகளில் 'மமாட்' என்று கொங்கிரீட் அறை கட்டாயம், பழைய கட்டடம் என்றால் கீழே பொதுக் காப்பிடம். அரசாங்கம் இவ்வளவு ஒழுங்காகச் செய்து வைத்திருப்பதை இந்த மூன்றில் வேறெங்கும் பார்க்க முடியாது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் மச்சாள் பார்ப்பது எண்பது தாண்டிய ஓர் அம்மாவை. சக்கர நாற்காலி, பழைய கட்டடம், மூன்றாம் மாடி. சைரன் ஊதினால் அந்தக் கிழவியை நாற்காலியோடு கீழே இறக்க ஒன்றரை நிமிடம் எந்த மூலைக்கு? விட்டுவிட்டு ஓடவும் மனம் வராது, வேலையும் அதற்கு விடாது. வாசல் கதவைத் திறந்து மாடிப்படிச் சுவரோரமாக நாற்காலியைச் சாத்தி, பிரேக்கைப் போட்டு, பக்கத்தில் நிலத்தில் இருந்துவிடுவாளாம். "அந்த மனிசி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஹீப்ருவில ஏதோ பாட்டுப் பாடும், எனக்குச் சிரிப்பும் வரும்" என்றாள். பாதுகாப்பு ஏற்பாடு நாட்டுக்கு இருக்கிறது, பராமரிப்பு வேலை செய்கிறவளுக்கு முழுதாக எட்டவில்லை.

தோட்ட வேலை இன்னும் மோசம், வயலுக்குள் மமாட் ஏது? 2023 ஒக்டோபர் 7 தாக்குதலில் தாய்லாந்துத் தொழிலாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பலர் காஸாவுக்குக் கடத்தப்பட்டார்கள். விவசாயம் படிக்க வந்த நேபாள மாணவர்கள் 10 பேரும் இலங்கையர் இருவரும் இறந்தவர்களில் அடங்குவர். அடுத்த மாதமே 10,000 பேரைத் தோட்ட வேலைக்கு அனுப்ப இலங்கை உடன்படிக்கை செய்தது. வெற்றிடம் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் சம்பளத்தை மட்டும் சொன்னார்கள். 2024 ஒக்டோபர் 31 இல் வடக்கே மெத்துலாவில் ரொக்கட் விழுந்து தாய்லாந்துக்காரர் நாலு பேர் செத்ததும் தோட்டத்தில்தான்.

வெளியேறும் கணக்கில் இஸ்ரேல் நடுத்தரம். பாஸ்போர்ட் பெரும்பாலும் நம் கையில்தான். ஆனால் 2025 ஜூன் 13 இல் ஈரானோடு சண்டை தொடங்கிய அன்றே விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், போக நினைத்தவர்கள் தரைவழியாக ஜோர்தானோ எகிப்தோ போக வேண்டியதாயிற்று. காசுக்கும் மொழிக்கும் திணறும் ஒரு பராமரிப்புப் பணிப்பெண் தனியாக அதைச் செய்வது லேசான காரியமா? (கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பெடியன்கள் இஸ்ரேல் பக்கமே தலை வைப்பதில்லை. அவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் இரண்டு நாடுதான்.)

சரி, கட்டார். நான் போனபோது முதலில் பார்த்தது எக்ஸிட் பெர்மிட் விஷயத்தைத்தான். முன்னர் கபில், அதாவது விசா எடுத்துத் தந்த முதலாளி, கையெழுத்துப் போடாமல் நாட்டை விட்டு வெளியேற முடியாது. 2018 இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள், 2020 ஜனவரியில் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் எடுத்துவிட்டார்கள். கம்பனி விரும்பினால் தன் ஆட்களில் 5 சதவீதம் வரை முன் அனுமதி பெற வேண்டியவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பதும் சட்டப்படி குற்றம், 25,000 ரியால் வரை தண்டம் உண்டு.

சட்டம் இப்படி. நடப்பு? எங்கள் கம்பனியில் 'பத்திரமாக வைக்கிறோம்' என்று எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் அலுவலக அலுமாரியில்தான் வைத்திருந்தார்கள். நான் போய்க் கேட்டேன். கணக்கப்பிள்ளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு தடித்த கொப்பியை எடுத்து, பெயர், இலக்கம், திகதி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார். முகம் மட்டும் நல்லாயில்லை. அறையில் கூட இருந்தவர்களில் பாதிப்பேர் கேட்கவே இல்லை, கேட்டால் ஓவர்டைம் வெட்டுவார்கள் என்ற பயம். எனக்கு அப்படி ஒன்றும் வெட்டவில்லை. எல்லாக் கம்பனியும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்கிறவனுக்குச் சட்டம் துணையாக நிற்கிற இடம் இந்த மூன்றில் கட்டார்தான் என்பது என் அனுபவம்.

கட்டாரில் பயமே இல்லையா என்றால், இருக்கிறது. 2005 மார்ச்சில் டோஹாவில் ஒரு நாடகக் கொட்டகையில் கார்க்குண்டு வெடித்து பிரித்தானியர் ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு நீண்ட காலம் அமைதி. 2025 இல் இரண்டு முறை ஆடியது: ஜூன் 23 இரவு ஈரான் அமெரிக்கப் படைகள் இருக்கும் அல் உதெய்த் தளத்துக்கு ஏவுகணை விட்டது, செப்டம்பர் 9 இல் இஸ்ரேல் டோஹா நகருக்குள்ளேயே குண்டு போட்டு ஹமாஸ்காரர் ஐந்து பேரும் கட்டார் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் இறந்தார்கள். இவை அரசுகள் செய்தவை, பயங்கரவாதக் கணக்கில் வராது என்று சட்டம் படித்தவர்கள் சொல்லலாம். இரவு கேம்ப் மொட்டைமாடியில் நின்று வானத்தில் வெளிச்சம் வெடிப்பதைப் பார்ப்பவனுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஜூனில் மூடிய வான்வழியைச் சில மணி நேரத்தில் திறந்துவிட்டார்கள், ஒருவருக்கும் உயிராபத்து இல்லை. வளைகுடா முழுக்கப் பத்திரம் என்றும் சொல்வதற்கில்லை. 2022 ஜனவரியில் அபுதாபியில் யேமனின் ஹூதி இயக்கத்தின் தாக்குதலில் செத்த மூன்று பேரும் இந்திய, பாகிஸ்தான் தொழிலாளர்கள். எண்ணெய் இருக்கும் இடத்தில்தான் அடிப்பார்கள், அங்கே வேலை செய்வது நம்மைப்போன்ற ஆட்கள்.

இனிக் கடன். பாஸ்போர்ட் கையில், எக்ஸிட் பெர்மிட் தேவையில்லை, கொழும்புக்கு நேரடி பிளைட், ஏறினால் ஐந்து மணித்தியாலத்தில் கட்டுநாயக்க. எல்லாம் இருந்தும் ஜூன் 23 க்கு அடுத்த நாள் எங்கள் கேம்ப்பில் இருந்து எத்தனை பேர் கிளம்பினார்கள்? ஒருவரும் இல்லை. நாலைந்து பேர் கிளம்ப ஆசைப்பட்டார்கள். ஒருவருக்கு மனைவியின் தாலிக்கொடி அடகில், இன்னொருவருக்கு வட்டிக்காரன் வீட்டு வாசலில். சப் ஏஜென்டுக்குக் கொடுத்த காசு உழைத்து முடியும் வரை அவன் எந்த நாட்டில் இருந்தாலும் வெளியேற முடியாதவன்தான். எனக்கு அப்போது கடன் முடிந்திருந்தது. அதனாலேயே பயப்படாமல் படுத்துத் தூங்கினேன், துணிச்சலால் அல்ல.

இந்த இடத்தில் இஸ்ரேலுக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். அந்த வேலை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தினூடாக நடப்பது, இடைத்தரகருக்கு இலட்சக்கணக்கில் கொட்டத் தேவையில்லை. அப்படிக் கேட்கிறவன் ஏமாற்றுக்காரன். சம்பளமும் கூட என்பதால் இருக்கிற கடன் சீக்கிரம் அடையும். ஈராக்குக்கோ வேறெங்கோ விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பணியகத்தில் பதியாமல் போனால் காப்புறுதியும் இல்லை, ஏதும் நடந்தால் தூதரகத்தின் பட்டியலில் பெயரும் இல்லை.

போன கிழமை உவர்மலையில் ஒரு தம்பி வந்து கேட்டான். கலியாணம் ஆகவில்லை, கடன் இல்லை, தாதிப் பயிற்சி முடித்தவன், இஸ்ரேலுக்குப் பெயர் வந்திருக்கிறது. கட்டாருக்கு வா என்று அவனை மறிக்க என்னிடம் காரணம் இல்லை. தோட்ட வேலைக்கு மாற்றினால் போகாதே, பராமரிப்பு என்றால் அந்த வீட்டில் மமாட் இருக்கிறதா, ஆள் நடக்கக்கூடியவரா என்று கையெழுத்துக்கு முன்னமே கேள், திரும்பி வரும் டிக்கெட் காசைச் சம்பளக் கணக்கில் சேர்க்காமல் தனியாக ஒதுக்கி வை என்றேன். மமாட் விஷயத்தை விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான்.